பாட்டு நின்றால் கடலைப் பழிக்கலாமா?



சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலுக்கடியில் போடப்பட்ட கேபிள் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிள் நம் லிட்டில் அந்தமானுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிப்போகும் நிலையில் இருந்தவர்கள் நாம். அதனாலோ என்னவோ, ஹட் பேயில் எது நின்றாலும் "கேபிள் போய்விட்டது" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. வீட்டுக் கணினியிலிருந்து வரும் பாட்டு நின்றாலும் அதே பேச்சுதான். இந்தப் பேச்சு சரியல்ல என்பதையும், இதனால் நாம் எதை இழக்கிறோம் என்பதையும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நம்மில் சிலர் பழைய கேசட்டுகளையும் சிடிக்களையும் கணினியில் ஏற்றி, அந்தக் கணினியையே வீட்டின் பாட்டுக் களஞ்சியமாக வைத்திருக்கிறோம். ஸ்பீக்கரோடு ஒரு சிறிய வைஃபை அடாப்டரை இணைத்துவிட்டால் கூடத்திலும் சமையலறையிலும் பாட்டுக் கேட்கலாம். இந்தப் பாட்டு போகும் வழி எது? கணினியிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து அடாப்டருக்கு, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு. வழி முழுவதும் நம் வீட்டுச் சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறது. கடல் எங்கே வந்தது? இணையம் அறவே இல்லாத நாளிலும் வீட்டு வைஃபை தன் வேலையைச் செய்யும். இணையம் வேறு, வீட்டு வலை வேறு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். மின்சாரம் போய் வந்தால் மூன்று கருவிகளும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. அடாப்டர் சீக்கிரம் விழித்து, கணினியைத் தேடி, காணாமல் சோர்ந்து நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் ரவுட்டர், இரண்டு நிமிடம் கழித்துக் கணினி, கடைசியில் அடாப்டர் என்ற வரிசையில் போடுங்கள். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்த பிறகு இந்த முகவரி மாறிவிடுவதும் உண்டு. பாட்டுக் கணினிக்கு என்றும் ஒரே எண் கிடைக்கும்படி ரவுட்டரில் குறித்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும். கணினி தானாகத் தூங்கிவிடும் ஏற்பாட்டையும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, அடாப்டரின் பெயரே செல்போனில் தெரியாமல் போவது. இந்தக் கருவிகள் "நான் இங்கே இருக்கிறேன்" என்று வீட்டு வலையில் எல்லோருக்கும் பொதுவாகக் குரல் கொடுத்துத்தான் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. செல்போன் விருந்தினருக்கான வைஃபையில் இருந்தாலோ, வைஃபையை விட்டு சிம் கார்டு இணையத்துக்கு மாறியிருந்தாலோ அந்தக் குரல் எட்டாது. எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, பாட்டு விட்டு விட்டு வருவது. சிடியின் ஒலி சுருக்கப்படாமல் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. எம்பி3 பாட்டுக்கு அதிகபட்சம் 320 போதும். எம்பி3 சீராக ஓடி, பெரிய கோப்பு மட்டும் தடுமாறினால் குற்றம் பெரும்பாலும் காற்று வழியில்தான். கான்கிரீட் சுவர், தகரத் தடுப்பு, மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய மூன்றும் வைஃபைக்குப் பகை. கணினியும் வைஃபை, அடாப்டரும் வைஃபை என்றால் ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை காற்றில் பயணம் செய்கிறது. கணினியை ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் ஒரு பயணம் மிச்சம். செலவும் அதிகமில்லை.

நான்காவது, பாட்டு ஓடுவதாகத் திரை காட்டும், ஆனால் சத்தம் வராது. அந்த வகைக் கோப்பை அடாப்டருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஓர் எம்பி3 பாட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் கேட்கவில்லையென்றால் ஸ்பீக்கர் ஒயரின் முனையைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். கடலோர உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கோபத்தில் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிப்பது கூடவே கூடாது. அது கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் அழித்துவிடும்.

"இத்தனை பாடு எதற்கு? மாதம் ஒரு தொகை கட்டினால் எல்லாப் பாட்டும் செல்போனில் வருகிறதே" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். திரைப்பாட்டுக்கு அது போதும். ஆனால் தாத்தா பாடிய தாலாட்டு எந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது? ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டும், கல்யாண வீட்டுக் கேசட்டில் கேட்கும் அத்தையின் சிரிப்பும் எங்கே விலைக்குக் கிடைக்கும்? 2004 டிசம்பர் 26 சுனாமி ஹட் பேயை எப்படிக் குலைத்தது என்பதை அறிந்தவர்கள் நாம். தண்ணீரோடு போனவை மீண்டும் வரவில்லை. ஆகவே களஞ்சியம் வீட்டில் ஒன்று இருக்கட்டும், அதன் நகல் ஒன்று தாயகத்தில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

தொலைவில் உள்ள நிறுவனத்தை முழுதும் நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கூகுள் நிறுவனம் 2015இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற அடாப்டரை வெளியிட்டு, 2019இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2025 மார்ச் மாதம் அந்தக் கருவிக்கு உரிய மின்னணுச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. கருவியும் பழுதில்லை, வீட்டு வைஃபையும் பழுதில்லை. ஆனாலும் உலகெங்கும் பலரால் பாட்டை அதற்கு அனுப்ப முடியவில்லை. சில நாள்களில் நிறுவனம் அதைச் சரிசெய்தது உண்மை. சரிசெய்யாமல் விட்டிருந்தால் நாம் என்ன செய்திருக்க முடியும்?

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. லாஜிடெக் நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற கருவியை 2012இல் கைவிட்டது. 2024இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. ஆயினும் அதன் சர்வர் மென்பொருள் எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருளாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை லிரியான் என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்து வருகிறார்கள். கைவிடப்பட்ட அந்தக் கருவிகள் இன்றும் வீட்டுப் பாட்டைப் பாடுகின்றன. வாங்கும்போதே "இணையம் இல்லாமல் இது வேலை செய்யுமா? ஒயர் செருக இடம் இருக்கிறதா?" என்று கடைக்காரரைக் கேட்பது நம் உரிமை.

நான் அஞ்சுவது இயந்திரக் கோளாறை அல்ல. நம் வீடுகளில் இந்த அறிவு பெரும்பாலும் ஒரே பிள்ளையிடம் இருக்கிறது. அவன் படிக்கவோ வேலைக்கோ சென்னைக்குப் புறப்பட்டால் கடவுச்சொல்லும் அவனோடு போய்விடுகிறது. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பாட்டு நிற்கிறது. "அவன் லீவுக்கு வரட்டும்" என்று பெற்றோர் காத்திருக்கிறார்கள். காத்திருந்து காத்திருந்து அந்தக் கணினி மூலைக்குப் போகிறது, அதற்குள் இருக்கும் குரல்களும் அதோடு போகின்றன. மண்ணைவிட்டு வந்து, மொழியை விடாமல் காக்கும் நமக்கு இது அழகல்ல.

பரிகாரம் எளிது. எந்தக் கருவியை எந்த வரிசையில் போடுவது, கடவுச்சொல் என்ன, கணினியின் எண் என்ன என்பதைப் பிள்ளைகள் ஊருக்குப் புறப்படும் முன் ஒரு தாளில் தமிழில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போகட்டும். அம்மாவோ அப்பாவோ அதைப் பார்த்துத் தாமே ஒருமுறை போட்டுக் காட்டட்டும். நம் சங்கமும் மாதத்தில் ஒரு மாலை இதற்கென ஒதுக்கலாம். இளைஞர்கள் கருவியைக் கற்றுத்தரட்டும். பெரியவர்கள் கேசட்டுகளைக் கொண்டுவந்து, அவற்றில் பாடுவது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லட்டும். பெயர் தெரியாத குரலைச் சேமித்து என்ன பயன்?

கேபிள் போட்டது அரசு. வீட்டுப் பாட்டைக் காப்பது நம் கடமை. உங்கள் வீட்டில் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறதா?