தலை திரும்பினால் அளவு மாறுமா?

குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் வைக்கிறோம். 104 காட்டுகிறது. நெற்றியைத் தொட்டால் அவ்வளவு சூடு தெரியவில்லை. உடனே மாத்திரையைத் தேடி ஓடுவதில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம். பாட்டி இருந்தால், "முதல்ல உனக்கு வெச்சுப் பாருடா, கருவி சரியா இருக்கான்னு தெரிஞ்சிடும்" என்பார். பாட்டி சொல்லும் அந்த வேலைக்குத் தொழிற்சாலையில் பல லட்ச ரூபாய் இயந்திரத்தின் முன்னாலும் தேவை வருகிறது.

புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்று தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. (மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயிலை நினைக்க வேண்டாம், இது புதுச்சேரிக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையம்.) அங்கே ஒரு பட்டறையில், தரப் பரிசோதனைப் பிரிவில், டிப்ளமோ முடித்து எட்டு மாதமே ஆன ஒரு பெண் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிப்ட். இரவு ஓடிய 200 ஜாப் வரிசையாக அடுக்கியிருக்கிறது. முதல் ஜாப்பை அளந்தால், பக்கவாட்டில் போட்ட ஒரு துளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து 30 மைக்ரான் தள்ளி நிற்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

மெஷின் ஓட்டுகிற பெரியவர் வந்து நிற்கிறார். "நேத்து வரைக்கும் சரியா வந்துச்சேம்மா. நான் டூலும் மாத்தல, புரோகிராமும் தொடல." வெளியே லாரி காத்திருக்கிறது. சூப்பர்வைசர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பி, ஜாப் உண்மையிலேயே தப்பாக இருந்தால், மொத்தமும் திரும்பி வரும். தப்பு என்று ஒதுக்கி, ஜாப் நன்றாக இருந்தால், 200 நல்ல ஜாப் பழைய இரும்புக்குப் போகும்; பெரியவரின் பெயரும் கெடும்.

அளக்கிற இயந்திரத்தின் பெயர் சி.எம்.எம். வழவழவென்று இழைத்த கருங்கல் மேசை. அதன் மேல் மூன்று திசையிலும் நகரும் கை. கையின் நுனியில் ஒரு ப்ரோப், அதன் முனையில் மிளகைவிடச் சிறிய செயற்கை மாணிக்க உருண்டை. உருண்டை ஜாப்பைத் தொட்ட அந்தக் கணத்தில் கை எங்கே நிற்கிறது என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும்.

இந்தத் தொடு ப்ரோப் பிறந்த கதை சுவையானது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கான்கார்ட் விமானத்தைச் செய்துகொண்டிருந்த காலம். அதன் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டியிருந்தது. விறைப்பான முள்ளால் தொட்டால் குழாயே வளைந்துவிடும். ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த டேவிட் மெக்மர்ட்ரி என்ற டப்ளின்காரர் 1972-ல், தொட்டதும் மெல்ல விலகிக்கொடுத்து, மறுபடி அதே இடத்தில் வந்து அமரும் ப்ரோப்பை உருவாக்கினார். அடுத்த ஆண்டு ஜான் டீர் என்ற நண்பரோடு ரெனிஷா நிறுவனத்தைத் தொடங்கினார். 2024-ல் காலமானார். இன்று எந்த ஊர் சி.எம்.எம். அறைக்குள் போனாலும் அவர் யோசனையின் ஏதாவது ஒரு வாரிசு தொங்கிக்கொண்டிருக்கும்.

ப்ரோப் நேராகக் கீழே மட்டும் பார்த்தால் பக்கவாட்டுத் துளைகளைத் தொட முடியாது. அதனால் அதற்கு ஒரு மணிக்கட்டு வைத்தார்கள். அதுதான் திரும்பும் தலை. பரவலாக இருக்கும் பி.எச்.10 வகைத் தலை 7.5 டிகிரி படிகளாகத் திரும்பும். மேலும் கீழுமாக 15 நிலை, சுற்றிலும் 48 நிலை, ஆக மொத்தம் 720 நிலைகள். மோட்டார் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. துல்லியமாகப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் இருக்கை. ஒவ்வொரு நிலையிலும் தலை அந்த இருக்கையில் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்குமல்லவா, அந்த மாதிரி சூட்சுமம். போய்விட்டுத் திரும்பி வந்தாலும் ஒரு மைக்ரானுக்குள் அதே இடம்.

சரி, 30 மைக்ரான் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் பலர் செய்யும் தப்பு, தலைமேல் பழியைப் போட்டு, கழற்றிப் பார்க்க ஸ்குரூ டிரைவரை எடுப்பது. அதைச் செய்யவே கூடாது. உள்ளிருக்கும் அமைப்பைத் தொழிற்சாலையில்தான் சரிசெய்ய முடியும். வெளியிலிருந்து உள்ளே போவதுதான் வழி.

அவர் முதலில் ஸ்டைலஸை விரலால் தொட்டுப் பார்க்கிறார். தளர்ந்த ஸ்டைலஸ் செய்கிற கூத்துக்கு அளவே இல்லை. பிறகு லென்ஸ் வைத்து மாணிக்கத்தைப் பார்க்கிறார், அழுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ப்ரோப் என்றால் கழற்றி உள்முகத்தையும் பார்க்க வேண்டும். காந்தத்துக்கு நல்லது கெட்டது தெரியாது, இரும்புத் தூளையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இவர் பார்த்தவரை எல்லாம் சுத்தம். ஸ்டைலஸ் மட்டும் புத்தம் புதிதாக மின்னுகிறது. அது ஏன் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்தது காற்று. சி.எம்.எம்.-இன் கை மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் மிதந்து நகர்கிறது. கடலோர ஊரின் ஈரக்காற்றைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது தண்ணீராகச் சேரும். காலையில் டேங்க்கில் அதை வடிக்க மறந்தால் குழாய் வழியே உள்ளே வந்து நிற்கும். வடித்திருக்கிறார்கள்.

பிறகு வெப்பம். நீளங்களை 20 டிகிரி செல்சியஸில் சொல்ல வேண்டும் என்று 1931-லேயே உலக அளவில் முடிவாகிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் புதுச்சேரிப் பட்டறைக்குள் நிற்பவருக்கு அது வேறு கிரகத்து எண் போலத் தோன்றும். 100 மில்லிமீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானுக்குச் சற்று அதிகமாக நீளும். 30 டிகிரியில் இருக்கும் ஜாப்பைச் சூட்டோடு மேசையில் வைத்தால் 11 மைக்ரானுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். அலுமினியமென்றால் இரண்டு மடங்கு.

அளவெடுக்கிறவரைச் சுற்றுச்சூழல் கைவிடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. சூரியனை வெள்ளி கடப்பதை அளக்க பிரான்சிலிருந்து கிளம்பினார் லெ ஜாந்தி என்ற வானியலாளர். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்ததால் இறங்க முடியவில்லை. ஆடும் கப்பலில் அளக்கவும் முடியவில்லை. வீடு திரும்பாமல் கீழ்த்திசையிலேயே எட்டு ஆண்டுகள் இருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராகக் காத்திருந்தார். அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது. அவர் கருவியில் ஒரு குறையும் இல்லை.

இந்தப் பெண்ணின் அறையில் ஏ.சி. ஒழுங்காக ஓடுகிறது. ஜாப்களும் இரவே உள்ளே வந்து குளிர்ந்திருக்கின்றன. ஆக, இனித்தான் தலையைச் சோதிக்க வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மேசைமேல் திருகி வைத்திருக்கும் மேற்கோள் உருண்டையை, தலையைத் திருப்பாமல் பத்துத் தடவை அளப்பது. மையம் ஒரே இடத்தில் வந்தால் ப்ரோப்பும் ஸ்டைலஸும் ஒழுங்கு. அடுத்து, ஒவ்வொரு தடவையும் தலையை வேறு பக்கம் திருப்பி, பழைய கோணத்துக்கே கொண்டுவந்து அளப்பது. முதல் சோதனை நன்றாக வந்து இரண்டாவதில் மையம் அலைந்தால், இருக்கையில்தான் கோளாறு. சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அவருக்கு இரண்டிலுமே ஒரு மைக்ரானுக்குள் நிற்கிறது. தலைமேல் குற்றமில்லை.

மூன்றாவதாக, அதே உருண்டையை ஐந்து வெவ்வேறு கோணங்களிலிருந்து தொடுகிறார். எந்தப் பக்கத்திலிருந்து தொட்டாலும் உருண்டைக்கு ஒரே மையம்தானே இருக்க வேண்டும்? நான்கு கோணங்கள் ஒத்துப்போகின்றன. ஒன்று மட்டும் 30 மைக்ரான் விலகி நிற்கிறது. அந்தத் துளையை அளந்த கோணம் அதுதான்.

ஒவ்வொரு கோணத்திலும் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கேலிபரேஷன் மூலம் கணினிக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். அதன் கணக்கெல்லாம் மேற்கோள் உருண்டை இருக்கும் இடத்தை வைத்துத்தான். உருண்டையைக் கழற்றி மறுபடி மாட்டினால் அதே இடத்தில் உட்காராது. அதனால்தான் சில மென்பொருள்கள் தொடங்கும்போதே, "உருண்டையை நகர்த்தினீர்களா?" என்று கேட்கும். அவசரத்தில் "இல்லை" என்று அழுத்திவிட்டால் போச்சு. அந்தக் கோணம் மட்டும் மற்றவற்றோடு உறவை அறுத்துக்கொள்ளும். திரையில் பிழை என்று எதுவும் வராது.

கணினியின் பதிவைப் பார்த்தால், நள்ளிரவு தாண்டி அந்த ஒரு கோணம் மட்டும் கேலிபரேட் ஆகியிருக்கிறது. இப்போதுதான் அவருக்குப் புது ஸ்டைலஸ் உறைக்கிறது. இரவு ஷிப்ட் பையனுக்குப் போன் போடுகிறார். அரைத் தூக்கத்தில் எடுக்கிறான். மழுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "இடிச்சிடுச்சுக்கா. ஸ்டைலஸ் உடைஞ்சு போச்சு. பெரிய ஜாப் வெக்கறதுக்காக உருண்டையைக் கழட்டி வெச்சிருந்தேன். அப்புறம் மாட்டி, ஒரு கோணம் மட்டும் போட்டுட்டேன். போன தடவை இடிச்சவருக்கு சம்பளத்துல பிடிச்சாங்களே, அதான் எழுதலை."

உருண்டையை இறுக்கி, "நகர்த்தினேன்" என்று ஒப்புக்கொண்டு, முதன்மைக் கோணத்தில் தொடங்கி எல்லாக் கோணங்களையும் ஒரே மூச்சில் கேலிபரேட் செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது. புது ஸ்டைலஸ் 2 மில்லிமீட்டர் உருண்டைதான். கணினி அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. அது கோளாறில்லை. தொட்ட பிறகு சற்று வளைந்த பின்னரே சமிக்ஞை போகும், அதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

முதல் ஜாப்பை மறுபடி அளக்கிறார். துளை 4 மைக்ரானில் நிற்கிறது. டிராயிங் அனுமதிப்பது 20. மெஷின்காரப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் டீ சொல்லிவிட்டுப் போகிறார். தாமதமானாலும் லாரி சரக்கோடு கிளம்புகிறது.

சூப்பர்வைசருக்குக் கோபம்தான். பையனைக் கூப்பிட்டு வாங்குவாங்கென்று வாங்கலாம், இந்த மாதச் சம்பளத்திலும் பிடிக்கலாம். பிடித்தால் அடுத்த இடியும் நோட்டில் ஏறாது. இன்னொரு காலையில் இன்னொரு 200 ஜாப் மேசைக்கு வரும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஸ்டோரிலிருந்து நீள நோட்டு ஒன்று வாங்கி வந்து சி.எம்.எம். பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார். தேதி, நேரம், எந்தக் கோணம், எதில் இடித்தது, எந்தக் கோணங்களைக் கேலிபரேட் செய்தது என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறார். "பேர் எழுத இடமில்லையே சார்?" என்று அந்தப் பெண் கேட்கிறார். "தெரியும்மா, வேணும்னுதான் விட்டிருக்கேன்" என்கிறார் சூப்பர்வைசர்.