காந்தம் மட்டும் சுழற்றுமா?

மின்கலமும் எரிபொருளும் இன்றி, நிலைக்காந்தங்களால் மட்டுமே ஓயாது சுழலும் மோட்டாரைப் பிள்ளைகள் அறிவியல் விழாவில் படைக்கலாமே எனச் சாஆ வட்டாரப் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். இயலாது என்பதே விடை.

இவ்வாசை பழையது. 1269-இலேயே பிரெஞ்சு அறிஞர் பியேர் த மரிகூர் இத்தகைய சக்கரத்தைப் பற்றி எழுதினார். ஆயினும், காந்தம் இரும்பை ஈர்க்கையில் தரும் ஆற்றலை, அவ்விரும்பு விலகுகையில் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஒரு சுற்றின் முடிவில் மிச்சம் சுழியமே. உராய்வால் இழப்பும் சேர்கிறது. பொம்மைக் காரின் மோட்டாரிலும் காந்தம் உண்டு. அதற்கு ஆற்றல் தருவதோ மின்கலம்.

செலவில்லா ஆற்றல் என்றாலே மனம் மயங்குகிறது. 1996-இல் மூலிகையால் பெட்ரோல் செய்வதாகக் கூறிய இராமர் பிள்ளையைத் தமிழகமே வியந்தது. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! ஆசைப்படும் பிள்ளையை எள்ளி நகையாடாதீர். காந்தங்களைக் கையில் கொடுங்கள். சக்கரம் எங்கே நிற்கிறதென்று தானே காணட்டும். மின்கலத்தை மறைத்துவைத்துப் பரிசு பெறுவதினும், "ஓடவில்லை, காரணம் இது" என மேடையில் கூறும் பிள்ளையே அறிவியல் கற்ற பிள்ளை.