திரும்பத் திரும்பச் சொன்னால் சரியாகிவிடுமா?



கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன். வாத்தியாருக்கு அந்த உரிமை உண்டு.

ஒரு வாரமாக நம் எல்லாக் குழுக்களிலும் ஒரே செய்தி சுற்றுகிறது. மரவாசனை மனச்சோர்வு நோயைக் குணமாக்குமாம். மாத்திரையே வேண்டாமாம். ஏதோ ஒரு மர எண்ணெயைத் தினமும் முகர்ந்தால் போதுமாம். எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பினீர்கள். அதில் நான்கு பேர் கார்த் தொழிற்சாலைகளில் ரோபோக்களோடு வேலை செய்பவர்கள். இதற்கிடையில் நம் உறவில் ஒரு பெண் இதை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதனால்தான் இந்தப் பதிவு.

மரவாசனை மனதைத் தொடும் என்பதை நான் மறுக்கவில்லை. மூக்கு அனுப்பும் செய்தி, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மற்ற புலன்களின் செய்தியைவிட நேர்வழியில் போய்ச் சேர்கிறது. ஜப்பான் அரசின் வனத்துறை 1982இலேயே 'காட்டுக் குளியல்' என்று பெயர் வைத்து மக்களைக் காட்டுக்கு அழைத்தது. நல்ல விஷயம்தான்.

ஆனால் 'மனதுக்கு இதமாக இருக்கிறது' என்பது வேறு, 'நோயைக் குணமாக்கும்' என்பது வேறு. ஜப்பானில் ஹினோகி மர எண்ணெயை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. அதில் 12 ஆண்கள் மூன்று இரவுகள் விடுதியில் தங்கினார்கள். அறையில் எண்ணெய் ஆவி பரவியது. பிறகு இரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களையும் சிறுநீரில் அட்ரினலினையும் அளந்தார்கள். அந்த 12 பேரும் ஆரோக்கியமானவர்கள். மனச்சோர்வு நோயாளி ஒருவர்கூட இல்லை. இதை வைத்து மாத்திரையை எப்படி நிறுத்துவது?

2001இல் ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. ஒரே பைன் மர எண்ணெயை ஒருமுறை 'கிறிஸ்துமஸ் மரம்' என்றும், வேறொரு முறை 'கிருமிநாசினி' என்றும் சொல்லி முகரக் கொடுத்தார்கள். வாசனை மாறவில்லை, பெயர்தான் மாறியது. விருப்பு வெறுப்பும் கூடவே மாறிவிட்டது! அப்படியானால் 'இது குணமாக்கும்' என்று எழுதி ஒட்டிய புட்டியை முகர்ந்து 'ஆகா' என்றால், வேலை செய்தது எண்ணெயா, எழுத்தா?

இப்போது என் ரோபோ மாணவர்களுக்கு. பதினொன்றாம் வகுப்பில் நுட்பம் வேறு, துல்லியத்தன்மை வேறு என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? உங்கள் ரோபோ ஒரே இடத்துக்கு நூறு முறை போனாலும் 0.05 மி.மீ. அளவுக்குள் தவறாமல் திரும்பி வரும். ஆனால் அது போக வேண்டிய இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் விலகி இருக்கலாம். மூட்டில் சுழிப்பிழை, கையின் நீளத்தில் வித்தியாசம், பளுவில் கொஞ்சம் வளைவு. நூறு முறையும் ஒரே தவறு!

அதைக் கண்டுபிடிக்க ரோபோவையே கேட்பீர்களா? மாட்டீர்கள். வெளியே லேசர் டிராக்கர் வைத்து, கையைப் பல நிலைகளுக்கு அனுப்பி அளந்து, திருத்துகிறீர்கள். அப்புறமும் விடுவதில்லை. கணக்கில் சேர்க்காத புதிய இடங்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கிறீர்கள். ஒரு கதவை வெல்டிங் செய்ய இவ்வளவு கறார்!

அதே நீங்கள் வீட்டுக்கு வந்ததும், ஆயிரம் பேர் அனுப்பியதால் ஒரு செய்தி உண்மை என்கிறீர்கள். அது நூறு முறையும் ஒரே தவறான இடத்தில் போய் நிற்கும் ரோபோதான். எண்ணெய் விற்பவரின் சாட்சியத்தை நம்புவது, ரோபோ சரியா என்று ரோபோவிடமே கேட்பது. இரும்புக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயமா?

மகிழமரத்தடியில் தாராளமாக உட்காருங்கள். நானும் உட்காருவேன். ஆனால் மனநல மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. அந்தச் செய்தியை அனுப்பியவர்கள், அது போன ஒவ்வொரு குழுவிலும் இதையும் போடுங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.