கீழ்ப்படிதலுக்கும் ஓர் எல்லை உண்டு

“பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே.” நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரும் முதற் பாடங்களுள் இஃது ஒன்று. வீட்டில் தாய் சொல்கிறாள். வகுப்பில் ஆசிரியை சொல்கிறார். மறைக்கல்வி வகுப்பில் நான்காம் கட்டளையை விளக்கும்போதும் இதையே சொல்கிறோம். நல்ல பாடந்தான். கீழ்ப்படிதல் இல்லாத வீடும் நடவாது, பள்ளியும் நடவாது. ஆனால், இந்தப் பாடத்தை எல்லை ஏதும் குறிக்காமல் கற்பித்து வருகிறோமே, அது சரிதானா? இக்கேள்வியை எழுப்பத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். முத்து முத்தாக எழுதும் ஒரு சிறுமி அவ்வகுப்பில் இருந்தாள். (அவள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவள் மாறிப்போனாள். வீட்டுப்பாடம் எழுதுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள்கள் மட்டும் வயிற்றுவலி என்பாள். அந்த நாள்களில் மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் வகுப்பிலேயே அமர்ந்திருப்பாள். நான் என்ன செய்தேன்? சோம்பேறி என்று திட்டினேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். தாயை வரவழைத்துக் குறை சொன்னேன். தாயும் தன் பங்குக்கு அடித்தாள்.

அந்த இரண்டு நாள்களிலும் உறவினர் ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்பதும், பாடத்தின் பெயரால் அவளிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்பதும் பின்னரே தெரிந்தன. அவள் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். “வாயைத் திறக்காதே, குடும்ப மானம் போய்விடும்” என்பதே கிடைத்த பதில். கடைசியில் அவள் தன் தோழியிடம் சொல்ல, தோழி தன் தாயிடம் சொல்ல, அந்தத் தாய் நேரே வந்து எங்களிடம் சொன்னார். பெரியவர்களாகிய நாங்கள் ஐந்தாறு மாதங்களாகக் காணாததை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி கண்டுகொண்டாள். “ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “நீங்கள்தானே டீச்சர், பெரியவங்க சொன்னா தட்டக் கூடாதுன்னு சொன்னீங்க” என்றாள். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

‘இதெல்லாம் எங்கோ நடப்பது’ என்று எண்ண வேண்டாம். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு அறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து எழுதப்பட்டது அது. மூவரில் இருவர் அடி உதை போன்ற உடல் துன்பங்களுக்கு ஆளானவர்கள். நூற்றுக்கு 53 பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு உட்பட்டவர்கள். அவர்களிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சிறுவர்கள்! ஆண்பிள்ளைக்கு ஆபத்தில்லை என்னும் எண்ணம் எவ்வளவு தவறு என்று பாருங்கள். தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களுள் இல்லை. அண்டையிலுள்ள கேரளமும் ஆந்திரமும் இருந்தன. நம் வீட்டுச் சுவர்கள் மட்டும் வேறு செங்கல்லால் கட்டப்பட்டவை அல்லவே!

அவ்வறிக்கை சொன்ன இன்னொரு செய்தியே என் கட்டுரைக்கு முக்கியமானது. தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர்கள். குழந்தையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். நாமோ ‘பிள்ளை பிடிக்கிறவன் வருவான்’ என்று தெருவைக் காட்டிப் பயமுறுத்துகிறோம். திண்ணையில் அமர்ந்து காப்பி குடிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

தீயவன் ஒருவன் குழந்தையை முதல் நாளே அச்சுறுத்துவதில்லை. முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுகிறான். பிறகு குழந்தைக்கு மிட்டாய், பேனா, கைப்பேசியில் விளையாட்டு என்று தனிச் சலுகைகள். பிறகு, “இது நம் இருவருக்குள் இரகசியம்” என்கிறான். இறுதியில், “வெளியே சொன்னால் உன் அம்மா உன்னைத்தான் அடிப்பாள்” என்கிறான். இக்காலத்தில் வீட்டுக்குள் காலடி வைக்காமலே, கைப்பேசி வழியாகவே இந்தப் படிகள் அனைத்தையும் கடந்துவிடுகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் கைகொடுப்பவை இரண்டு: பெரியவர் சொன்னால் மறுக்கக் கூடாது என்னும் குழந்தையின் பயம், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்னும் குடும்பத்தின் பயம். இரண்டையும் ஊட்டி வளர்த்தவர்கள் நாமே.

குழந்தை வாயால் சொல்வதற்கு முன்பே நடத்தையால் சொல்லிவிடுகிறது. நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குதல், குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்குப் போக மறுத்தல், குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வரும் வயிற்றுவலி, தலைவலி, தூக்கத்தில் அலறுதல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், யாராவது தொட்டால் திடுக்கிடுதல், எங்கிருந்து வந்தவை என்று சொல்ல முடியாத பரிசுகள், வயதுக்கு மீறிய சொற்கள், விளக்க முடியாத காயங்கள். பசியோடும் அழுக்குடையோடும் நாள்தோறும் வரும் பிள்ளையையும், “நீ ஏன் பிறந்தாய்” என்றே கேட்டு வளரும் பிள்ளையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புறக்கணிப்பும் கடுஞ்சொல்லும் கொடுமையே. இவற்றுள் ஒன்றைக் கண்டதும் யார்மீதும் பழி சுமத்திவிடக் கூடாது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கண்டும் கேளாமல் இருக்கக் கூடாது. “உனக்கு என்னம்மா கஷ்டம்? எதுவானாலும் கோபிக்க மாட்டேன்” என்று தனியே அமர்த்திக் கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? நான் அந்தச் சில நிமிடங்களைச் செலவிடவில்லை.

குழந்தை சொல்லும்போது கேட்பவர் செய்ய வேண்டியது என்ன? பதறக் கூடாது. “ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்கவும் கூடாது. “உன்னை நம்புகிறேன், இது உன் தவறில்லை, சொன்னது நல்லதாயிற்று” என்னும் மூன்று சொற்றொடர்களே முதல் மருந்து. ஊர் கூடித் துருவித் துருவிக் கேட்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து எதிரே நிறுத்துவதும், பெரிய மனிதர்கள் அமர்ந்து சமரசம் பேசி முடிப்பதும் குழந்தையை மறுபடியும் வதைப்பனவாகும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது போக்சோ சட்டம். 18 வயது நிரம்பாத ஆண், பெண் பிள்ளைகள் அனைவரையும் அது காக்கிறது. இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவரே மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

காவல் நிலையப் படி ஏற வேண்டுமே என்று அஞ்சும் பெற்றோர் கவனிக்க: குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை ஒரு பெண் அதிகாரியே, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதபடி நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது. மானத்தைக் காக்கச் சட்டமே வேலியிட்டிருக்கும்போது, வாயை மூடித்தான் காக்க வேண்டும் என்பது ஏன்?

எங்கே சொல்வது என்று தெரியாதவர்களுக்கு 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. 1996இல் மும்பையில் தொடங்கிய இச்சேவையை இப்போது அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்; குழந்தையே பேசலாம். நம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இவ்விரண்டையும் ஒவ்வொரு மாணவியும் தன் நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் இன்றே எழுதிக்கொள்ளட்டும்.

‘கிறிஸ்தவப் பள்ளியின் ஆண்டு மலரில் இதையெல்லாம் எழுதலாமா?’ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதாமல் இருந்ததன் விலையைத் திருச்சபையே கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சிறுவரைக் கெடுத்த குருக்களைத் தண்டிக்காமல் ஒரு பங்கிலிருந்து வேறு பங்குக்கு மாற்றி மறைத்த செய்தி 2002இல் வெளியாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அந்நகரின் கர்தினால் பதவி விலகினார். திருச்சபையின் பெயரைக் காப்பதாக எண்ணிக் குழந்தைகளைக் கைவிட்டார்கள். இறுதியில் பெயரும் நிற்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் ஒரு சட்டம் வகுத்தார்: இத்தகைய கொடுமையை அறிந்த குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவித்தே ஆக வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில், இவ்வழக்குகளை மூடியிருந்த ‘திருப்பீட இரகசியம்’ என்னும் விதியையும் நீக்கினார். உலகளாவிய திருச்சபை வெட்கத்தோடு கற்ற பாடத்தை ஒரு சிறிய பள்ளி கற்கத் தயங்கலாமா?

திருமறையில் தானியேல் ஆகமத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஊரார் மதிக்கும் முதியவர்கள் இருவர்; நீதிபதிகளும் அவர்களே. தங்கள் தீய எண்ணத்துக்கு இணங்க மறுத்துக் கூக்குரலிட்ட பெண்மீது அவர்கள் பழி சுமத்துகிறார்கள். பெரியவர்கள் பொய் சொல்வார்களா என்று ஊரே நம்பி அவளுக்கு மரண தண்டனை விதிக்கிறது. தானியேல் என்னும் இளைஞன் ஒருவன்தான் விசாரியுங்கள் என்று குரல் கொடுக்கிறான். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்க, ஆளுக்கு ஒரு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள். நரையும் பதவியும் மட்டுமே நல்லவர் என்பதற்குச் சான்று ஆகா என்பதைத் திருமறை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டுமா? சிறியோரைக் கெடுப்பவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது நலம் என்று கடுமையாகச் சொன்ன இயேசு பெருமான், அவன் வயதையோ பதவியையோ விதிவிலக்காகச் சொல்லவில்லை.

ஆகவே, கீழ்ப்படிதலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் எல்லையையும் சேர்த்துக் கற்பியுங்கள் என்கிறேன். “பெரியவர்கள் படிக்கச் சொன்னால் படி, வேலை சொன்னால் செய். ஆனால் உன் உடல் உன்னுடையது. எவர் தொடுவது உனக்கு அருவருப்பாக இருந்தாலும், எவர் அம்மாவிடம் சொல்லாதே என்றாலும், அங்கே கீழ்ப்படிய வேண்டாம். மறு, விலகி ஓடு, வந்து சொல்.” இதைத் தாய் சொல்ல வேண்டும், தந்தையும் சொல்ல வேண்டும், எங்கள் வகுப்பறைகளும் சொல்ல வேண்டும். விருந்தாளி மடியில் அமர மாட்டேன் என்று குழந்தை சொன்னால், “மாமா தானே, போ” என்று தள்ளாதீர்கள். அந்தச் சிறிய மறுப்பை நாம் மதித்தால்தான் பெரிய மறுப்புக்கு அதற்குத் துணிவு வரும்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையாவது இதற்கென ஒதுக்குங்கள். பள்ளி வேனையும் ஆட்டோவையும் ஓட்டுபவர் யார், தனிப்பாடம் நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இதற்காக எவரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்லவர்கள் திறந்த கதவுக்கு அஞ்சுவதில்லை. ஆசிரியைகளாகிய எங்களையும் இதே கண்ணால் பாருங்கள்.

மாணவியரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையின் ஐந்து விரல்களுக்கு ஐந்து பேரை எண்ணிக்கொள்ளுங்கள்: எதையும் அச்சமின்றிச் சொல்லத்தக்க ஐந்து பெரியவர்கள். ஒருவர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் செல்லுங்கள். ஐவரும் நம்பாவிட்டால் 1098 இருக்கிறது. தோழி ஒருத்தி அழுதுகொண்டே, “யாரிடமும் சொல்லாதே” என்று உங்களிடம் சொன்னால், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் மீறுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. என் மாணவியைக் காப்பாற்றியது அவள் ஆசிரியையும் அல்ல, பாட்டியும் அல்ல, அந்தத் தோழிதான்.

அச்சிறுமியின் குடும்பம் அந்த ஆண்டே ஊரைவிட்டுப் போய்விட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இன்று என் வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், பிரம்பைத் தேடுவதில்லை. “உட்காரம்மா, என்ன ஆயிற்று?” என்று கேட்கிறேன். பெரும்பாலும், “நோட்டை மறந்துவிட்டேன் டீச்சர்” என்பதுதான் பதில். அந்தப் பதிலைக் கேட்கையில் எனக்கு உண்டாகும் நிம்மதி அப்பிள்ளைகளுக்குத் தெரியாது.