காட்டேரி வீட்டு மருமகள்

உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பதினைந்தோ பதினாறோ வயது. கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு எழுநூற்றைம்பது பக்க ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் படிக்கிறாள். கறுப்பு அட்டை, அதில் சதுரங்கக் காய்கள். என்னம்மா கதை என்று கேட்டால், ரத்தம் குடிக்கிறவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிற கதை என்கிறாள். உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "இந்த வெள்ளைக்காரக் கண்றாவியெல்லாம் எதுக்கு? நம்ம கலாசாரம் என்ன ஆகிறது?" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் புத்தகத்தை நீங்களும் ஒரு தரம் படித்துப் பாருங்கள். உங்கள் கலாசாரத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது. அந்தப் புத்தகத்தின் கோளாறே அதுதான்.

'ட்வைலைட்' வரிசையின் கடைசிப் புத்தகம் அது. பெயர் 'பிரேக்கிங் டான்'. எழுதியவர் ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2005-ல் 'ட்வைலைட்', 2006-ல் 'நியூ மூன்', 2007-ல் 'எக்லிப்ஸ்', 2008 ஆகஸ்ட் 2-ம் தேதி 'பிரேக்கிங் டான்'. அமெரிக்காவில் முதல் நாளே 13 லட்சம் பிரதிகள் விற்றன. 2011-லும் 2012-லும் இரண்டு பாகமாகப் படம் வந்தது. முதல் கதையையே கதாநாயகன் சொல்வதுபோல் மாற்றி 2020-ல் இன்னொரு புத்தகம் எழுதினார் மேயர். ஆனாலும் கதை முடிந்தது 2008-ல்தான். அன்றைக்குப் படித்த பதினாறு வயதுப் பெண்களுக்கு இன்றைக்கு முப்பது தாண்டிவிட்டது. அக்கா படித்ததைத் தங்கை, தங்கை படித்ததை அக்கா மகள் என்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வீடுகளில் அது கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

கதையை நம் வீட்டுத் தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்.

பெண் பெயர் பெல்லா. அமெரிக்காவில் ஃபோர்க்ஸ் என்ற மழை ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தவள். பையன் எட்வர்ட். 1918-ல் ஃப்ளூ காய்ச்சலில் சாகக் கிடந்தபோது காட்டேரியாக மாற்றப்பட்டவன். அன்றிலிருந்து அவனுக்கு வயது பதினேழு, மாறுவதே இல்லை. பெரிய இடம். அப்பா டாக்டர். குடும்பத்தில் யாரும் மனித ரத்தத்தைத் தொடுவதில்லை, மிருக ரத்தம் மட்டும்தான். அதனால் தங்களைச் 'சைவம்' என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்! பையன் தங்கமான பையன். கல்யாணம் ஆகாமல் அந்தப் பேச்சே கூடாது என்று அடம்பிடிக்கிறவன். நாலாவது புத்தகத்தில் கல்யாணம். பெண்ணுக்கு வயது, நம் ஊர்ச் சட்டம் சொல்கிற அதே பதினெட்டு. மாமனார் ஆசையாக மாமியாருக்கு வாங்கிக்கொடுத்த தனித் தீவில் தேனிலவு. தேனிலவிலேயே கர்ப்பம். ஒரே மாதத்தில் பிரசவம். குழந்தைக்கு இரண்டு பாட்டிகளின் பெயரையும் ஒட்டிப் பெயர். மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனிக்குடித்தனம்.

இதில் எந்த இடத்தில் சார் மேல்நாட்டுக் கலாசாரம்? மேற்கு மாம்பலத்துக் கல்யாணத் தரகர் எழுதின கதை மாதிரி இல்லை?

இன்னும் இருக்கிறது. ஜேக்கப் என்று ஒருவன். ஓநாயாக மாறக்கூடியவன். பெல்லாவையே சுற்றிச் சுற்றி வந்தவன். அவளுக்குக் குழந்தை பிறந்த அன்று அந்தக் குழந்தையைப் பார்க்கிறான். பார்த்த கணத்தில் விதி முடிச்சுப் போட்டுவிடுகிறது: இவள்தான் அவனுக்கு. இப்போதைக்கு அண்ணன் மாதிரி பார்த்துக்கொள்வானாம். வளர்ந்த பிறகு மற்றதெல்லாம். நேற்று வரை காதலிக்குக் காத்திருந்தவன் இன்று அவளுக்கே வருங்கால மாப்பிள்ளை!

அமெரிக்காவில் இந்த இடத்தைப் படித்துவிட்டு முகம் சுளித்தவர்கள் நிறைய. நமக்கு எதற்கு ஆச்சரியம்? தொட்டிலில் கிடக்கிற பெண்ணைக் காட்டி, டவுசர் போட்ட பையனிடம் "டேய், இவ உனக்குத்தான்டா" என்று சொல்லிச் சிரித்தவர்கள்தானே நாம். சில வீடுகளில் அது சிரிப்போடு போயிற்று. சில வீடுகளில் இருபது வருஷம் கழித்து நிஜமாகவே பத்திரிகை அடித்தார்கள். தொட்டிலில் கிடந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேயரும் கேட்கவில்லை.

சரி, ரத்தம் குடிப்பதாவது வெளிநாட்டுச் சரக்கா? அதுவும் இல்லை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-ல் வந்தது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் பிணத்தைப் போட்டுக் கூழ் சமைத்துப் பந்தி வைத்துக் குடித்தாயிற்று. காட்டேரி நம் ஊர்க்காரி. கர்ப்பமான பெண்ணைப் பிடிப்பாள், வயிற்றுப் பிள்ளையை வாங்கிவிடுவாள் என்று பயந்து அவளுக்குப் பூசை போடுகிற குடும்பங்கள் உண்டு. வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, பிரசவத்தில் செத்துப்போன பெண்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததால் வந்த பயம் அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த வெளுப்புக்கு ஆஸ்பத்திரியில் வேறு பெயர் சொல்வார்கள். ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு அது இருந்தது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 23 பேருக்குப் பதினெட்டு ஆவதற்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தது. நம் பெண்களின் ரத்தத்தை உறிஞ்சுகிற காட்டேரி எது என்று இப்போது தெரிகிறதா? அதற்கு நீளமான பல் தேவையில்லை. ஜாதகக் கட்டு போதும்.

இப்போது 'பிரேக்கிங் டான்' கதைக்குத் திரும்புவோம். பெல்லாவின் வயிற்றுப் பிள்ளை உள்ளிருந்தே அவள் விலா எலும்பை உடைக்கிறது. அவளால் சோறு தண்ணி இறங்கவில்லை. கோப்பையில் மனித ரத்தத்தை ஊற்றி ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறார்கள். பிரசவத்தில் முதுகெலும்பு உடைகிறது. உயிர் போகிற நேரம். புருஷன் காட்டேரி விஷத்தை ஊசியில் ஏற்றி நெஞ்சில் குத்துகிறான். மூன்று நாள் கழித்து எழுந்திருக்கிறாள், முன்னைவிட அழகாக, பலமாக, சாகாவரத்தோடு.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதலில் பற்றுப் பக்கத்தைப் புரட்டுவோம். பெல்லாவின் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். வரவில் கணவன், குழந்தை, கோடிக்கணக்கில் பணம், என்றும் பதினெட்டு வயது, என்றும் அழகு. அப்பா உறவு போகவில்லை. சண்டைக்காரச் சிநேகிதன்கூட மாப்பிள்ளையாகக் கூடவே இருக்கிறான். பற்றுப் பக்கத்தில்? சைபர். கடைசியில் எதிரிக் கூட்டம் பெரும் படையோடு வருகிறது. நூறு நூறு பக்கமாக ஏற்பாடு நடக்கிறது. வந்தவர்கள் ஒரு உறவுக்காரியைக் கொன்றுவிட்டு, பேசிவிட்டு, திரும்பிப் போகிறார்கள். கதாநாயகி வீட்டில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. படம் எடுத்தவர்களுக்கே இது தாங்கவில்லை போலிருக்கிறது. 2012 படத்தில் பெரிய சண்டை ஒன்றை வைத்து, தலைகளை உருட்டி, அப்புறம் அது நடக்கவே இல்லை, ஒருத்தி முன்கூட்டிப் பார்த்த காட்சிதான் என்று முடித்தார்கள்.

இப்படி ஒரு பாலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். செலவே இல்லாத கணக்கு என்றால், செலவை எங்கோ ஒளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒளித்த செலவு எது? கல்லூரி. பெல்லாவுக்கு அமெரிக்காவின் பேர்போன டார்ட்மவுத் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. போகவே இல்லை. கல்லூரி என்பது ஊருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான். இத்தனைக்கும் அவள் அம்மா, பள்ளிக்கூடம் முடித்த கையோடு கல்யாணம் செய்து, அந்தக் கல்யாணம் உடைந்து, கைக்குழந்தையோடு கிளம்பியவள். அவசரப்பட்டுக் கல்யாணம் பண்ணாதே என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள். அதனால்தான் பெல்லாவுக்கே முதலில் கல்யாணம் என்றால் கசக்கிறது. கடைசிப் புத்தகம் என்ன செய்கிறது தெரியுமா? அந்த அம்மாவையே சந்தோஷமாகக் கல்யாண வேலை பார்க்க வைக்கிறது. பட்டவள் சொன்ன பாடம் பொய், காதல் மெய் என்று சத்தமில்லாமல் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு நம் ஊரில் எடுபடக் கூடாது. இங்கே அதற்கு எதிர்த்திசையில் நடப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம்! 1929 சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றது. அது 18 ஆக 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. பிற்பாடு அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அந்தத் திட்டத்தையே கல்லூரிப் படிப்புக்கு மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், பெயர் புதுமைப் பெண். தாலித் தங்கம் கல்லூரிப் பணமாக மாற முப்பத்து மூன்று வருஷம். யார் ஆட்சி, யாருக்குப் பெருமை என்பதை விடுங்கள். பணம் போகிற திசையைப் பாருங்கள். நம் சர்க்கார் வந்து சேர்ந்த இடத்திலிருந்து மேயரின் கதாநாயகி கிளம்பிப் பின்னால் போகிறாள்.

தாம்பரம் ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு பீச் லோக்கலின் பெண்கள் பெட்டியில் ஏறிப் பாருங்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் டிபன் பாக்ஸோடு நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு டிகிரியால் அங்கே வந்து நிற்கிறவர்கள். குரோம்பேட்டையில் பெண்களுக்கென்றே வைஷ்ணவ் கல்லூரி தொடங்கியது 1968-ல். அந்த மாதிரி ஒரு வாசலைத் தாண்டுவதற்கு அவர்களுடைய அம்மாவோ பாட்டியோ வீட்டில் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தார்கள் என்று கேட்டால், காட்டேரிக் கதையைவிடப் பயங்கரமான கதைகள் வரும்.

"அவளா விரும்பித்தானே செய்தாள்? கணவனே வேண்டாம் என்றபோதும் பிள்ளையைப் பெற்றே தீருவேன் என்று நின்றாளே, அது பெண்ணின் உரிமை இல்லையா?" என்று இந்தப் புத்தகத்தின் ரசிகைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவள் உடம்பு, அவள் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. பெல்லா எடுக்கிற முடிவில் எனக்குத் தகராறு இல்லை. அந்த முடிவுக்கு உண்டான விலையைக் கதாசிரியர் தள்ளுபடி செய்துவிடுகிறாரே, அதுதான் தகராறு. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, "பாரும்மா, உன் இஷ்டம்" என்று பொருளை நீட்டுகிற கடைக்காரரை நீங்கள் நம்புவீர்களா?

நல்ல கதை அந்த விலையைக் காட்டும். நம் பெண்கள் பள்ளி லீவில் படிக்கிற இன்னொரு பெரிய தொடரும் இருக்கிறது. கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்'. அதன் கடைசிப் பாகத்துக்குப் பெயரே 'தியாக சிகரம்'. கைக்கு வந்த மகுடத்தை அருள்மொழி இன்னொருவர் தலையில் வைக்கிறான். ஒருதலையாகக் காதலித்த மணிமேகலை மனம் பேதலித்து, வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். முடிவு திருப்தியில்லை என்று வாசகர்கள் கேட்க, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் மணிமேகலையை அவர் உயிர்ப்பித்துத் தரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்காகக் கண்கலங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். காதலுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்று அவர்களுக்கு அந்தக் கடைசிப் பாகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் போர்வைக்குள் போனில் படிப்பாள், அவ்வளவுதான். "குப்பை" என்று மூக்கைச் சிந்துகிற அறிவாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ரீல்ஸ் காலத்தில் ஒரு பெண் எழுநூற்றைம்பது பக்கம் படிக்கிறாள் என்றால், அவளைக் கேலி செய்கிற தகுதி நம்மில் பலருக்குக் கிடையாது. அவள் படித்து முடிக்கட்டும். முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள். பெல்லா டார்ட்மவுத் போயிருந்தால் என்ன படித்திருப்பாள்? எட்வர்ட் நாலு வருஷம் காத்திருக்கமாட்டானா? அவனுக்குத்தான் சாவே கிடையாதே! அந்தக் குழந்தைக்குப் பெரியவளானதும் ஜேக்கப்பைப் பிடிக்காமல் போனால்? விஷ ஊசி இல்லாத வீடாக இருந்தால் பெல்லா கதி என்ன?

ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்க உங்களுக்கு யோக்கியதை வேண்டும். ராத்திரி மகளிடம் "பெல்லா ஏன் காலேஜ் போகலை?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவளுடைய ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தரகரிடம் போகக் கூடாது. அப்படிப் போனால், அந்தப் புத்தகத்துக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. புத்தகமாவது செத்தவளை எழுப்பிக் கொடுக்கிறது. உங்களால் அது முடியாது.

உங்கள் பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஒரே ஒரு தடவைதான் வரும். அந்த வருஷம் அவள் கல்லூரி வாசலில் நிற்கட்டும். எட்வர்ட் நிஜமாகவே நல்ல பையனாக இருந்தால் காத்திருப்பான்.