சன்னலோரத்துத் தோழன்

மீன் செத்தமைக்காகக் கண்ணீர் விடுவார் உண்டோ என நகைப்பார் சிலர். அடுப்பிலே கொதிக்கும் மீனுக்கு அழாத பிள்ளை போத்தலிலே மிதக்கும் மீனுக்கு மட்டும் ஏன் அழ வேண்டும் எனத் தர்க்கம் பேசுவாரும் உளர். அவர்களோடு வாதிட நமக்கு விருப்பமில்லை. பெயரிட்டு அழைத்த ஒன்றைக் குழம்பு மீனோடு சேர்த்து எண்ணப் பிள்ளைகளால் இயலாது. பெரியவர்களாலுந்தான்.

ஊவாத் தோட்டங்களில் மீன் வளர்ப்பது செல்வர் பொழுதுபோக்கன்று. கானிலே துணி விரித்துப் பிடித்த கப்பி மீனோ, சம்பளம் வாங்கிய பின் தந்தையுடன் பதுளைக்குச் சென்ற பிள்ளை பையில் ஏந்தி வந்த தங்கமீனோ, லயத்துச் சன்னலோரம் ஒரு ஜாம் போத்தலிலே குடியேறிவிடும். கப்பியின் தாயகம் தென்னமெரிக்கா. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பதற்காகவே அதனைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றார்கள். பிள்ளைக்கு அதன் வாலின் வண்ணமே போதும்.

ஒருநாள் விடியற்காலையில் அது வயிறு மேலாக மிதக்கும். தாயும் தந்தையும் பிரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பர். பிள்ளை விழிக்குமுன் அதனை எறிந்துவிட்டு, "ஓடைக்குப் போய்விட்டது" என்று சொல்லிவிடலாம். அடுத்த சம்பளத்தில் அதே போல் இன்னொன்று வாங்கி விட்டுவிடலாம். அன்பினால் எழும் பொய்தான். ஆயினும் அதற்கு நாம் உடன்படோம். செதிலின் ஒவ்வொரு புள்ளியையும் பிள்ளை அறியும், ஏமாறாது. ஏமாறினாலோ, தன் தோழனுக்காக அழும் உரிமையை நாமே அதனிடமிருந்து பறித்தவராவோம். வாசலோரத்துச் செவ்வந்திச் செடியடியில் குழி தோண்டி அதன் கையாலேயே புதைக்க விடுங்கள். அதற்குக் கால் மணி நேரம் ஆகுமா?

மீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்பது வெறும் கதை. 2016இல் ஒக்ஸ்போர்ட், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், வாயால் நீரை உமிழ்ந்து பூச்சி வீழ்த்தும் ஒருவகை மீன், தான் பழகிய மனித முகத்தை 44 புதிய முகங்களிடையே பிரித்தறிந்தது. ஆதலின் காலடி கேட்டதும் கண்ணாடியருகே ஓடிவந்த மீனைப் பற்றிப் பிள்ளை சொல்வதனைப் பொய்யென்று தள்ளாதீர். அது அன்போ பசியோ என்பது வேறு விஷயம். பசியின் பங்கே அதிகம் என்பது நம் எண்ணம்.

இங்கிலாந்திலே 1956இல் ஒரு சந்தை விளையாட்டில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்னும் தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. சிக்காகோவின் ஷெட் மீன்காட்சிச்சாலைக்கு 1933இல் வந்த 'தாத்தா' என்னும் நுரையீரல் மீன் 2017இல் இறந்தபோது துக்கித்தவர் பலர். நம் மாகாணத்திலேயே, கதிர்காமத்து மாணிக்க கங்கையில் நின்று மீனுக்கு உணவு தூவாத யாத்திரிகர் எத்தனை பேர்?

ஆனால் பிள்ளையின் கேள்வி வேறு: "நானா கொன்றேன்?" இதற்கு உண்மை விடை வேண்டும். பதுளை ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளையோ 1,400 மீட்டருக்கும் மேல். வெப்பமான கடையிலிருந்து வந்த மீனைக் குளிர்ந்த பீலி நீரில் சட்டென விட்டால் அது நடுங்கிப் போகும். தங்கமீன் குளிருக்கு மெல்லப் பழகும். கப்பிக்கு அது அரிது. பட்டணத்துக் குழாய் நீரில் குளோரின் உண்டு. எஞ்சிய சோறும் மீனின் கழிவும் அழுகிச் சிறு போத்தலின் நீரையே நஞ்சாக்கும். கப்பியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தான். இவற்றுள் எது நேர்ந்தது எனப் பிள்ளையோடு உட்கார்ந்து ஆராயுங்கள். குற்றம் சாட்டுதல் வேண்டாம், மறைத்தலும் வேண்டாம்.

போத்தலை அவசரமாக நிரப்ப வேண்டியதில்லை. இன்னொரு மீன் வேண்டுமெனப் பிள்ளையே கேட்கும் நாளில், வாயகன்ற பெரிய தொட்டி ஒன்று தேடி, நீரை முதல்நாளே பிடித்து வையுங்கள். மீனைப் பையோடு அரைமணி நேரம் அந்நீரில் மிதக்கவிட்டுப் பின்னர் அவிழ்த்துவிடுங்கள்.