கியரை மறங்க... ரோட்டைப் பாருங்க!

மிஷன் வீதிப் பக்கம் சாயங்காலம் ஒரு ரவுண்டு போனாலே இந்த சீன் கிடைக்கும். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகை ஸ்கூட்டர். மேலே ஒரு பிரெஞ்சுக்காரர். முனையில் நிற்கிறார். இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார், திரும்பவும் இடப்பக்கம் பார்க்கிறார். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, ரொம்ப நிதானமாக... ராங் சைடில் ஏறுகிறார்! டீக்கடை வாசலில் நிற்கிற நாம சிரிக்கிறோம்.

அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. அவர் ஊரில் வண்டிகள் எல்லாம் சாலையின் வலப்பக்கம் போகும். இத்தனை வருஷம் பழகினதை மூளை தானாகச் செய்கிறது, அவ்வளவுதான். இப்போ சீனை அப்படியே திருப்பிப் போடுங்க பாஸ். நாளைக்கு அவர் ஊரில், கையில் வாடகைக் கார் சாவியோட நீங்க நிற்கிறீங்க. அப்போ?

"இது நமக்கெதுக்குப்பா"ன்னு பக்கத்தைப் புரட்டாதீங்க. புதுச்சேரிக்காரங்களுக்கு பிரான்ஸ் என்பது அட்லஸில் மட்டும் பார்க்கிற நாடு இல்லை. 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16ல் அது சட்டப்படி உறுதியானது. அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பேரன், பேத்திகள் உங்க கிளாஸிலேயே இருப்பாங்க. சொந்தம் இல்லாதவங்களும் பிரெஞ்சு படிச்சுட்டு மேற்படிப்புக்குக் கிளம்புறாங்க.

உங்களையே உதாரணமா வெச்சுப்போம். வீடு வைத்திக்குப்பம். டிகிரி இங்கே, முதுகலை பிரான்ஸில். நாலு நாள் லீவு கிடைக்குது. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து ஒரு கார் எடுத்து மலைப்பக்கம் போகலாம்னு பிளான். நம்ம கும்பலில் கார் லைசென்ஸ் இருக்கிற ஒரே ஆள் நீங்கதான். நெட்டில் தேடுறீங்க. இருப்பதிலேயே சீப்பான கார் கண்ணில் படுது. புக் பண்ணியாச்சு. கவுன்டரில் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தால்... கியர் கார்!

"அதனால என்ன? நான் டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டதே கியர் கார்லதானே"ன்னு காலரைத் தூக்கி விடுறீங்களா? இருங்க, கணக்குப் போடுவோம்.

எத்தனை புதுசு?

ஸ்டியரிங் இடப்பக்கம். இது முதல் புதுசு. வண்டி ஓட வேண்டியது சாலையின் வலப்பக்கம். இது ரெண்டாவது. ரியர் வியூ கண்ணாடி உங்க வலது தோள் பக்கம் இருக்கும். மூணு. நம்ம ஊர் மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் வலது கையில், வைப்பர் இடது கையில். அங்கே நேர் எதிர். லெஃப்டில் திரும்ப இண்டிகேட்டர் போடுறதா நினைச்சு வெயில் அடிக்கும்போது வைப்பரை ஓட விடுவீங்க. நாலு.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. இத்தனை நாளா காரின் வலது பாதியில் உட்கார்ந்து ஓட்டிப் பழகின உடம்பு அது. இடது பாதியில் உட்கார்ந்ததும், தன்னையறியாமல் காரை வலப்பக்கமாக ஒதுக்கும். ஓரத்தில் நிற்கிற வண்டியின் கண்ணாடி போச்சு! அஞ்சு.

இதுக்கு மேல போர்டு எல்லாம் பிரெஞ்சில். பின்சீட்டில் மூணு பேர் ஆளுக்கொரு வழி சொல்லிக்கிட்டு வர்றாங்க. இந்தக் களேபரத்துக்கு நடுவில் கியரையும் வலது கையால் போடணும்! பெடல் வரிசை மட்டும் மாறாது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் நம்ம ஊர் மாதிரியேதான். ஆனா கை மாறிப் போச்சே. கியர் போடப் போன இடது கை கதவில் போய் முட்டும்.

விஷயம் இதுதான்: மனுஷனுக்கு ஒரே நேரத்தில் இவ்வளவுதான் கவனிக்க முடியும்னு ஒரு அளவு இருக்கு. கிளட்ச்சுக்கும் கியருக்கும் செலவாகிற கவனத்தை மிச்சம் பிடிச்சு ரோட்டுக்குக் கொடுக்கத்தான் ஆட்டோமேட்டிக். "ஆட்டோமேட்டிக் எல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு மச்சி"ன்னு பந்தா விடுற ஃப்ரெண்ட் எல்லா கேங்கிலும் ஒருத்தன் இருப்பான். மாசி மகத்தன்னிக்கு மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும்போது, டவுன் டிராஃபிக்கில் அவனை ஒரு மணி நேரம் கியர் காரை ஊர விடச் சொல்லுங்க. அவன் இடது முழங்காலே பதில் சொல்லும்.

இடது காலுக்கு லீவு!

ஆட்டோமேட்டிக் உங்களுக்குப் புதுசு இல்லை. காலேஜுக்கு ஓட்டிட்டு வர்ற ஸ்கூட்டியும் ஆட்டோமேட்டிக்தான். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் போகுது, விட்டால் குறையுது. காரிலும் அதே கதை. பி என்றால் நிறுத்தம், ஆர் ரிவர்ஸ், என் நியூட்ரல், டி முன்னால் போக. பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும், மிதிச்சுக்கிட்டுத்தான் பி-யிலிருந்து மாத்தணும். டி போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், பெரும்பாலான கார்கள் ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமலே மெதுவா நகர ஆரம்பிக்கும். பயப்படாதீங்க, அதோட குணமே அதுதான்.

ஒரே ஒரு ஆபத்து, உங்க இடது கால். கிளட்ச் மிதிச்சே பழகின கால் அது. சிக்னலைப் பார்த்ததும் இல்லாத கிளட்ச்சைத் தேடும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் அகலம். இடது கால் போய் அதை 'டமார்'னு மிதிச்சால், பின்னால் வர்றவர் உங்க டிக்கியில் இருப்பார். அதனால உட்கார்ந்ததுமே இடது காலைப் பின்னால் இழுத்து சீட்டோட ஒட்டி வெச்சுடுங்க. பயணம் முடியும்வரை அதுக்கு லீவு. மலை இறக்கத்தில் மட்டும் டி-யிலேயே விட்டுட்டுப் பிரேக்கை அழுத்திக்கிட்டே வராதீங்க, பிரேக் சூடாகிடும். கையால் கியரைக் குறைக்கிற வசதியோ, எல் அல்லது பி என்ற எழுத்தோ லீவரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்க. ஹைபிரிட் கார்களில் இந்த இன்னொரு 'பி' இன்ஜின் பிரேக்குக்கு. பார்க்கிங் 'பி'யோட குழப்பிக்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே கவுன்டரில் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

மூணாவது எழுத்து மேட்டர்

அமெரிக்காவிலும் துபாயிலும் வாடகைக் கார் என்றாலே ஆட்டோமேட்டிக்தான் வரும். ஐரோப்பாவில் அப்படி நம்பிப் போகாதீங்க. அங்கே சின்ன, சீப்பான வாடகைக் கார்களில் கியர் காரே அதிகம். ஆட்டோமேட்டிக் வேணும்னா புக் பண்ணும்போதே கேட்கணும், வாடகையும் கூட வரும்.

புக்கிங்கில் காரின் படத்துக்குக் கீழே "அல்லது இதுபோன்ற கார்"னு போட்டிருப்பாங்க. அதாவது படத்தில் இருக்கிற கார் உங்களுக்கு நிச்சயம் இல்லை, அந்த வகைதான் நிச்சயம். பெரிய கம்பெனிகள் அந்த வகையை நாலு இங்கிலீஷ் எழுத்தில் குறிப்பாங்க. முதல் எழுத்து காரின் சைஸ், ரெண்டாவது கதவும் உருவமும், நாலாவது எரிபொருளும் ஏசியும். நமக்கு முக்கியம் மூணாவது எழுத்து. அது 'எம்' என்றால் கியர், 'ஏ' என்றால் ஆட்டோமேட்டிக். பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஒரு எழுத்தைப் பாருங்க. பிரெஞ்சில் கேட்கணும்னா "புவாத் ஓட்டோமாத்திக்".

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இங்கிலாந்து எல்லாம் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுற நாடுகள். அங்கே கியர் கார் கிடைச்சாலும் சமாளிச்சுடலாம். பக்கமே மாறுகிற நாட்டில்தான் அந்த 'ஏ'க்குக் கொடுக்கிற காசு, காசுக்கு மேல பெறும்.

பேப்பர் இல்லாம பயணம் இல்லை

முதல்ல லைசென்ஸ். கையில் இருக்கிறது கியர் இல்லாத டூவீலருக்கு மட்டும் வாங்கினது என்றால், அதை வெச்சு உலகத்தில் எங்கேயும் கார் எடுக்க முடியாது. 18 வயசு ஆனதும் கார் லைசென்ஸுக்கு எல்எல்ஆர் போடலாம். 30 நாள் கழிச்சு டெஸ்ட். ஏன் இப்பவே சொல்றேன்னா, வெளிநாட்டு வாடகைக் கம்பெனிகள் பொதுவாக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும்னு கேட்பாங்க. கிளம்புறதுக்கு முந்தின மாசம் எடுத்தால் வேலைக்கு ஆகாது.

அடுத்தது இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். உங்க லைசென்ஸ் விவரத்தைப் பல மொழிகளில் சொல்ற அரசாங்கச் சின்னப் புத்தகம். போக்குவரத்துத் துறையில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். இது தனி லைசென்ஸ் இல்லை. ஒரிஜினல் லைசென்ஸோட சேர்த்துக் காட்டினால்தான் மதிப்பு. "வீட்டுக்கே வரும் இன்டர்நேஷனல் லைசென்ஸ்"னு நெட்டில் விற்கிறவங்ககிட்ட ஏமாறாதீங்க. இந்தியாவில் அதைக் கொடுக்கிறது போக்குவரத்து அலுவலகம்தான். சீனா போன்ற சில நாடுகள் இந்தப் பெர்மிட்டையே ஏத்துக்கிறதில்லை, போகிற நாட்டு விதியை முன்னாடியே பார்த்துடுங்க.

பிரான்ஸிலேயே தங்கி, அங்கத்திய லைசென்ஸ் எடுக்கப் போறவங்களுக்கு ஒரு தகவல். டெஸ்ட்டை ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தால் லைசென்ஸில் 78 என்ற எண்ணைப் போட்டுடுவாங்க. அப்புறம் கியர் காரைத் தொடணும்னா 7 மணி நேரப் பயிற்சி எடுக்கணும். நம்ம ஊர் கார் லைசென்ஸில் அந்தப் பிரிவினை கிடையாது.

பர்ஸைக் காப்பாத்துங்க

பிரான்ஸில் பெரும்பாலான கம்பெனிகள் 21 வயசு நிரம்பியவங்களுக்குத்தான் கார் தரும். 25க்குக் கீழே என்றால், நாள் கணக்கில் 'இளம் ஓட்டுநர்' கூடுதல் கட்டணம். டெபாசிட்டுக்கு ஓட்டுறவர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பாங்க. நம்ம ஸ்டூடன்ட்ஸ் கொண்டு போற ஃபாரெக்ஸ் கார்டு ப்ரீபெய்டு என்பதால் பல கவுன்டரில் செல்லாது. அந்த டெபாசிட்டுக்குப் பேர் "கோஸ்யோன்". இன்ஷூரன்ஸ் இருந்தாலும் நம்ம கையிலிருந்து போகிற தொகைக்குப் பேர் "ஃபிரான்ஷீஸ்". அது எத்தனை யூரோன்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிங்க. ஒரு சின்ன இடியில் ஒரு மாசச் சாப்பாட்டுக் காசு போயிடும்.

முக்கியமான விஷயம். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கோ அவங்க மட்டும்தான் ஓட்டணும். "நீ டயர்டா இருக்கே, கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன்"னு ஃப்ரெண்ட் ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஏதாவது ஆச்சுன்னா, இன்ஷூரன்ஸ் கையை விரிச்சுடும். ரெண்டு பேர் ஓட்டப் போறீங்கன்னா ரெண்டு பேரையும் பதிவு பண்ணுங்க. காரை எடுக்கும்போது சுத்திவர வீடியோ எடுங்க. விடும்போதும் எடுங்க.

பெட்ரோல் போடும்போதும் உஷார். அங்கே "காஸ்வால்" என்றால் கேஸ் இல்லை, டீசல்! "சான் ப்ளோம்" என்றால் ஈயம் இல்லாத பெட்ரோல். 2018லிருந்து ஐரோப்பிய யூனியன் முழுக்க ஒரே மாதிரி அடையாளம் உண்டு. வட்டத்துக்குள் 'ஈ' இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் 'பி' இருந்தால் டீசல். டேங்க் மூடியிலும் அதே அடையாளத்தைத் தேடுங்க.

ரோட்டுக்கு வந்தாச்சு

ஒரே சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுங்க: எந்த நாடாக இருந்தாலும் ஓட்டுறவர் பக்கம்தான் சாலையின் நடுக்கோடு இருக்கணும். இங்கே உங்க வலப்பக்கம், அங்கே உங்க இடப்பக்கம். இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவில் நாம கடிகாரம் சுத்துற திசையில் போறோம். அங்கே எதிர்த்திசை. உள்ளே நுழையும்போது இடப்பக்கமிருந்து சுத்தி வர்ற வண்டிக்கு வழி விடணும். போர்டு, சிக்னல் எதுவும் இல்லாத முச்சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வர்றவருக்கு முன்னுரிமை. சின்ன சந்திலிருந்து வந்தாலும் அவர்தான் ராஜா! நெடுஞ்சாலையில் வேகம் 130 வரை, மழை பெய்தால் 110.

டிராஃபிக்கில் பக்கம் தப்பாது, முன்னால் போற வண்டியே வழிகாட்டும். விடியற்காலை ஆளில்லாத ரோடு, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வர்ற வளைவு, இங்கேதான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்கு ஒரே டியூட்டி. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் "வலது!"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். முதல் அரை மணி நேரம் பார்க்கிங் மைதானத்திலேயே சுத்துங்க. விமானம் விட்டு இறங்கின அன்னைக்கே தூக்கக் கலக்கத்தில் காரைத் தொடாதீங்க.

21 ஆகலையா? ஆட்டோமேட்டிக் கிடைக்கலையா? அப்போ காரே வேண்டாம். பிரான்ஸில் 12 முதல் 27 வயசு வரைக்கும் ரயிலில் தள்ளுபடி கார்டு இருக்கு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையைப் பாருங்க.

கடைசியா, உங்களில் 18 தாண்டினவங்க எத்தனை பேர்கிட்ட கார் லைசென்ஸ் இருக்கு? அந்த ஒரு வருஷக் கணக்கு இன்னைக்கே ஓட ஆரம்பிக்கட்டும். எல்எல்ஆர் போட்டாச்சுன்னா ஒரு வரி எழுதிப் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போமா?